நியூஃபவுண்ட்லாந்தின் போர்க்காலப் படைத்தளங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில், எந்தக் கடற்கரையைப் பற்றிப் பேசுகிறோம்?

கனடாவின் கிழக்கு ஓரத்தில் அட்லாண்டிக் கடலில் இருக்கும் நியூஃபவுண்ட்லாந்து தீவு, அதற்கு வடக்கே பெருநிலத்தில் இருக்கும் லாப்ரடார். இன்று இரண்டும் சேர்ந்து கனடாவின் ஒரு மாகாணம். தமிழர்களுக்கு இந்தக் கரை முற்றிலும் அந்நியம் இல்லை. 1986 ஆகஸ்டில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் கடலில் விடப்பட்ட 155 இலங்கைத் தமிழர்களைக் கஸ் டால்டன் என்ற மீனவர் கண்டு, மற்ற படகுகளுக்கும் தகவல் சொல்லி மீட்டது இதே கரையோரத்தில்தான். நம்மில் பலருக்கு அந்தச் சம்பவம் தெரியும், அந்த மண்ணைப் பற்றி அதற்கு மேல் தெரியாது. அந்த மீனவச் சமூகம் இரண்டாம் உலகப்போர் காலத்தில், நான்கைந்து வருடத்துக்குள், ஆளே அடையாளம் தெரியாத அளவுக்கு மாறிப்போனது. கடலோர ஊர்களில் ராணுவம் வந்து உட்கார்ந்தால் சனங்களின் வாழ்க்கை என்ன ஆகும் என்று யோசிக்கிற எவருக்கும் இந்த வரலாறு தெரிந்திருக்க வேண்டும்.

என் எண்ணத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அங்கே எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது கைக்கு நேராக வந்த ரொக்கக் கூலி. அந்தக் கூலி எவ்வளவு என்று தீர்மானித்தபோது யாரும் அந்த மக்களைக் கேட்கவில்லை, நிலத்தை எடுத்தபோதும் கேட்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அங்கே நடந்தது புரியும்.

ரொக்கக் கூலியில் அப்படி என்ன பெரிய விஷயம்? அதற்கு முன் அவர்கள் சம்பாதிக்கவில்லையா?

உழைத்தார்கள், ஆனால் காசைக் கண்ணால் பார்த்தது குறைவு. தீவின் கரை நெடுகச் சின்னச் சின்ன மீனவக் குடியிருப்புகள். பல ஊர்களுக்குச் சாலையே கிடையாது, போகவர படகுதான். வசந்த காலத்தில் ஊர் வணிகர் மாவு, தேயிலை, உப்பு, கயிறு, வலை எல்லாவற்றையும் கடனாகக் கொடுப்பார். கோடை முழுக்க ஆண்கள் காட் மீன் பிடிப்பார்கள், பெண்களும் பிள்ளைகளும் அதைப் பிளந்து உப்பிட்டு மரப் பரண்களில் காயவைப்பார்கள். கோடை முடிந்ததும் அந்தக் கருவாட்டை வணிகரே எடுத்துக்கொண்டு கணக்கை நேர்செய்வார். சாமானுக்கு விலை வைப்பவரும் அவர்தான், மீனைத் தரம் பிரித்து விலை சொல்பவரும் அவர்தான். கணக்கில் ஏதாவது மிச்சம் நின்றால் குளிர்காலத்துக்குச் சாமான் கிடைக்கும், நிற்காவிட்டால் கடன் அடுத்த வருடத்துக்குப் போகும். சம்மாட்டியிடம் முன்பணம் வாங்கிவிட்டு, பிடித்த மீனை வேறு யாருக்கும் விற்க முடியாமல் வருடக்கணக்கில் கட்டுப்பட்டுக் கிடக்கிற நம் கரையோர மீனவரை நினைத்துக்கொள்ளுங்கள், நிலைமை விளங்கும்.

1930களின் பொருளாதார மந்தத்தில் கருவாட்டு விலை விழுந்தபோது இந்த ஏற்பாடும் நொறுங்கியது. வணிகர்களே கடன் கொடுக்க முடியாத நிலை. மிக மோசமான குளிர்காலங்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர் அரசு நிவாரணத்தில் வாழ்ந்தார்கள், தலைக்கு நாளொன்றுக்கு 6 சென்ட், அதுவும் பெரும்பாலும் காசாக இல்லை, கடைச் சாமானாகத்தான். சத்தில்லாத சாப்பாட்டால் பெரிபெரி நோய் வந்தது, காசநோயும் வீடு வீடாக இருந்தது. அரசு கடனில் மூழ்கியது. அதுவரை கனடாவைப் போலவே பிரிட்டிஷ் பேரரசுக்குள் தன்னைத் தானே ஆண்டுகொண்ட தனி டொமினியனாக இருந்த நாடு 1934-இல் தன்னாட்சியையே கைவிட்டு, ஓர் ஆளுநரும் நியமனம் பெற்ற ஆறு ஆணையர்களும் நடத்தும் ஆட்சிக்குள் போனது. மூன்று பேர் பிரிட்டனிலிருந்து, மூன்று பேர் உள்ளூர். தேர்தல் இல்லை, சட்டமன்றம் இல்லை. இதை மறக்காமல் மேலே படியுங்கள், ஏனென்றால் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டது இந்த ஆட்சிதான்.

தளங்கள் எப்படி வந்தன?

வரைபடத்தைப் பார்த்தாலே புரிந்துவிடும். வட அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவை நோக்கி நீளும் கடைசி நிலம் இதுதான். தீவின் உட்பகுதியில் கேண்டர் என்ற இடத்தில் 1938-இலேயே பெரிய விமான நிலையம் இருந்தது. 1940-இல் பிரான்ஸ் வீழ்ந்து, ஜெர்மன் நீர்மூழ்கிகள் அட்லாண்டிக்கில் கப்பல்களை வேட்டையாடத் தொடங்கியதும் இந்தத் தீவுக்குத் திடீரென்று மதிப்பு வந்தது. 1940 செப்டம்பர் 2 அன்று பிரிட்டனும் அமெரிக்காவும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தன. பிரிட்டனுக்கு 50 பழைய போர்க்கப்பல்கள், அமெரிக்காவுக்கு பிரிட்டனின் மேற்கு அட்லாண்டிக் உடைமைகளில் 99 வருடக் குத்தகைக்குத் தளங்கள். இதில் நியூஃபவுண்ட்லாந்தும் பெர்முடாவும் கப்பல்களுக்கு ஈடாகச் சேர்க்கப்படவில்லை, பிரிட்டன் தானாக மனமுவந்து தந்தவை என்றே ஆவணம் சொன்னது.

விரிவான ஒப்பந்தம் 1941 மார்ச் 27 அன்று கையெழுத்தானது. பேச்சுவார்த்தைக்கு ஆணைய அரசின் சார்பில் இரண்டு பேர் லண்டன் போனார்கள். தளங்களுக்குள் அமெரிக்க அதிகாரம், படைவீரர்களை விசாரிப்பதில் அமெரிக்காவுக்கு முன்னுரிமை, சுங்கவரி விலக்கு என்று ஷரத்துகள் கடுமையாக இருந்தன. பெரிய நோக்கத்துக்காக இதை ஏற்றுக்கொள்ளும்படி சர்ச்சிலே எழுதிக் கேட்டுக்கொண்டார், ஏற்றார்கள். ஆனால் இந்தக் காகித வேலை முடியும் முன்பே, ஜனவரி 29 அன்று, எட்மண்ட் பி. அலெக்சாண்டர் என்ற பெரிய கப்பலில் ஏறத்தாழ ஆயிரம் அமெரிக்க வீரர்கள் தலைநகரான செயின்ட் ஜான்ஸின் துறைமுகத்துக்குள் வந்துவிட்டார்கள். கரையில் தங்க இடம் தயாராக இல்லாததால் அந்தக் கப்பலே மாதக்கணக்கில் அவர்களுக்குக் குடியிருப்பு.

எங்கெங்கே கட்டினார்கள்?

அமெரிக்கர்கள் செயின்ட் ஜான்ஸில் குவிடி விடி ஏரிக்கரையில் பெப்பரல் கோட்டை, பிளசென்ஷியா விரிகுடாவில் ஆர்ஜென்ஷியா கடற்படைத் தளம், மேற்குக் கரையில் ஸ்டீஃபன்வில் விமானத்தளம் என்று கட்டினார்கள். கனடியர்கள் கேண்டரை எடுத்து நடத்தினார்கள், டோர்பேயில் விமானத்தளம், லாப்ரடாரில் கூஸ் பே, அப்புறம் செயின்ட் ஜான்ஸ் துறைமுகத்தில் வணிகக் கப்பல் வரிசைகளுக்குக் காவலாகப் போகும் கப்பல்களுக்கான கடற்படைத் தளம். 1943 வாக்கில் அமெரிக்கப் படையினர் மட்டும் பத்தாயிரம் பேர் அளவுக்கு இருந்தார்கள். நாட்டின் மொத்த மக்கள்தொகையே 3 லட்சம்தான்.

வேலை எவ்வளவு பேருக்குக் கிடைத்தது?

1942-இல், கட்டுமானம் உச்சத்தில் இருந்தபோது, ஏறத்தாழ 20,000 பேர் தளங்களில் வேலை பார்த்தார்கள். 3 லட்சம் பேர் உள்ள நாட்டில் குழந்தைகள், முதியவர்கள், ஏற்கெனவே படையில் சேர்ந்து வெளிநாடு போனவர்கள் எல்லாரையும் கழித்துப் பாருங்கள், உழைக்கக்கூடிய ஆண்களில் எவ்வளவு பெரிய பங்கு என்று தெரியும். மண்வெட்டி பிடித்தார்கள், தச்சு வேலை செய்தார்கள், லாரி ஓட்டக் கற்றார்கள், வெல்டிங், மின்வேலை, குழாய் வேலை, பெரிய மண்வாரி இயந்திரங்களை இயக்குவது வரை கற்றுக்கொண்டார்கள். சொந்தமாகப் படகும் வீடும் கட்டிப் பழகிய கைகள், அதனால் தொழில் சீக்கிரம் படிந்தது.

இரண்டு மூன்று வருடங்களுக்குள் நிவாரணம் வாங்குகிறவர்கள் கிட்டத்தட்ட இல்லை என்ற நிலை வந்தது. ஓட்டாண்டியாக இருந்த அரசாங்கத்தின் கஜானாவில் உபரி சேர்ந்து, அதிலிருந்து பிரிட்டனுக்கே வட்டியில்லாமல் ஒரு கோடி டாலருக்கு மேல் கடன் கொடுத்தார்கள். ஏழு வருடத்துக்கு முன் திவாலாகப் போகிறோம் என்று ஓட்டுரிமையை விட்டுக்கொடுத்த நாடு அது!

என்னை அதிகம் பாதிப்பது வீட்டுக்குள் நடந்த மாற்றம்தான். கூலி கையில் வந்ததும் மீனவர் ஊர் வணிகரிடமே போக வேண்டும் என்ற கட்டாயம் போய்விட்டது. எங்கே மலிவோ அங்கே வாங்கலாம், அஞ்சல் வழியே பட்டியலைப் பார்த்துச் சாமான் வரவழைக்கலாம், பிடிக்காத விலைக்கு மீனைக் கொடுக்காமல் வீட்டில் வைத்திருக்கலாம். கடன் புத்தகத்தில் தன் பேரில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே செத்துப்போன தகப்பனின் மகன், தன் கூலியைத் தானே எண்ணி வாங்குகிறான். அவன் இனி வணிகர் முன் நிற்கும் விதமே வேறாகத்தான் இருக்கும். கடன் முறை ஒரே நாளில் ஒழிந்துவிடவில்லை, ஒதுங்கிய ஊர்களில் போருக்குப் பின்னும் நீடித்தது. ஆனால் அதற்கு வேறு வழியே இல்லை என்ற நம்பிக்கை உடைந்துவிட்டது, மறுபடி ஒட்டவே இல்லை.

அமெரிக்கச் சம்பளம் கிடைத்திருக்குமே?

இல்லை. இதுதான் எனக்கு மிகவும் கோபம் வருகிற இடம். அமெரிக்க ஒப்பந்ததாரர்கள் தாராளமாகக் கொடுத்தால் உள்ளூரில் மரம் வெட்டும் தொழிலும் மீன்பிடியும் ஆளில்லாமல் போய்விடும், போர் முடிந்து தளவேலை நின்றதும் அந்த உயர்ந்த கூலியை யாரும் கொடுக்க முடியாது என்று ஆணைய அரசே அமெரிக்கர்களிடம் சொல்லி, உள்ளூர் நடப்புக் கூலியையே கொடுக்க வைத்தது. அதனால் ஒரே சுவரில் செங்கல் அடுக்கிய இரண்டு பேரில், அமெரிக்காவிலிருந்து வந்தவருக்கு ஒரு சம்பளம், அதே ஊர்க்காரருக்கு அதைவிட மிகக் குறைந்த சம்பளம். பக்கத்தில் நிற்கிறவன் என்ன வாங்குகிறான் என்பது தொழிலாளிக்குத் தெரியாமலா இருக்கும்?

அரசின் பயத்தில் கொஞ்சம் நியாயம் இருந்தது என்று சிலர் வாதிடுவார்கள். கட்டுமானம் 1943-இலிருந்து குறையத்தான் செய்தது, ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போகத்தான் செய்தது. ஆனால் ஓட்டுப் போட்டு வந்த அரசாக இருந்திருந்தால் தன் சொந்த மக்களின் கூலியைக் குறைத்து வை என்று வெளிநாட்டிடம் கேட்டிருக்குமா என்பதே என் கேள்வி. இதற்கிடையே வந்திறங்கிய கூட்டத்தாலும் போராலும் விலைவாசி வேறு ஏறியது. மாவும் துணியும் வெளியிலிருந்து வர வேண்டிய தீவில் அந்த ஏற்றம் எல்லார் அடுப்பிலும் தெரிந்தது.

அப்படியானால் மீன்பிடி அழிந்துவிட்டதா?

அழியவில்லை. பலர் தளவேலைக்குப் போனதால் கடலில் ஆள் குறைந்தது, அதே சமயம் போரால் மீன் விலை ஏறியதால் மிச்சமிருந்தவர்களுக்கு நல்ல காலம்.

நிலத்தை இழந்தவர்கள் யார்?

ஆர்ஜென்ஷியா, அதை ஒட்டிய மார்க்கீஸ் ஆகிய ஊர்க்காரர்கள்தான் அதிகம் இழந்தார்கள். கூழாங்கல் கடற்கரை, காற்று நன்றாக வீசும் முனை, மீன் காயவைக்க அதைவிடத் தோதான இடம் கிடைக்காது. தலைமுறைகளாக மீன்பிடித்து, கொஞ்சம் ஆடு மாடு வைத்து, காய்கறி போட்டு வாழ்ந்த கத்தோலிக்கக் குடும்பங்கள். அதே தட்டையான முனை விமான ஓடுபாதைக்கும் தோது, அதை ஒட்டிய ஆழமான விரிகுடா போர்க்கப்பல்களுக்கும் தோது. 1941-இல் அவர்கள் கிளம்ப வேண்டியதாயிற்று. குளிர்காலத்திலேயே வேலைக்காரர்களும் இயந்திரங்களும் வந்து இறங்கிவிட்டன, சனங்கள் வீட்டில் இருக்கும்போதே சுற்றிலும் இடிப்பதும் தோண்டுவதும் நடந்தது.

இழப்பீடு கொடுத்தார்கள், இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் எதற்கு விலை போடுவது? வீட்டுக்கும் கொட்டிலுக்கும் வேலிக்கும் விலை போடலாம். எல்லாரும் பொதுவாகப் புழங்கிய கடற்கரைக்கு, கோடையில் பெர்ரி பறித்த மேட்டுக்கு, விறகு வெட்டிய காட்டுக்கு, வாசலில் இறங்கினால் படகு என்ற வசதிக்கு விலைப்பட்டியல் கிடையாது. காலங்காலமாக அனுபவித்துவந்த நிலத்துக்குப் பத்திரம் இல்லாதவர்களும் இருந்தார்கள். ஃப்ரெஷ்வாட்டர், பிளசென்ஷியா, டன்வில் என்று சுற்றுப்புற ஊர்களுக்குச் சிதறினார்கள். கல்லறைகளைத் தோண்டி, முன்னோர்களின் எச்சங்களை எடுத்துப் போய் வேறிடத்தில் புதைத்தார்கள். வீட்டை இடிப்பதைக்கூட ஒருவர் தாங்கிக்கொள்ளலாம், தாயின் கல்லறையைத் திறப்பதைப் பார்க்கச் சொல்வது வேறு.

இதில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வெளியேற்றப்பட்ட அதே ஆண்கள் பலர், தங்கள் வீடு இருந்த இடத்தில் எழும்பிய தளத்திலேயே கூலிக்கு வேலை செய்தார்கள். பிறகு பல வருடங்கள் அந்த வட்டாரமே அந்தத் தளத்தை நம்பிப் பிழைத்தது. "அமெரிக்கர்கள் நல்லவர்கள், வேலை கொடுத்தார்கள்" என்பதும் "எங்கள் ஊரை அழித்தார்கள்" என்பதும் ஒரே வீட்டுக்குள் ஒரே ஆள் சொல்லக்கூடிய வார்த்தைகள். இரண்டும் உண்மை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

சர்ச்சிலும் ரூஸ்வெல்ட்டும் சந்தித்தது அங்கேதானே?

ஆமாம். 1941 ஆகஸ்டில் பிளசென்ஷியா விரிகுடாவில், கப்பல்களில் சந்தித்து அட்லாண்டிக் சாசனத்தை வகுத்தார்கள். தங்கள் ஆட்சிமுறையைத் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் உரிமை எல்லா மக்களுக்கும் உண்டு என்பது அதில் மூன்றாவது அம்சம். அந்த விரிகுடாவின் கரையில் வாழ்ந்தவர்களுக்கு அப்போது ஏழு வருடமாகத் தேர்தலே கிடையாது, அந்தக் கரையிலேயே சில குடும்பங்கள் வீடு காலி செய்து சில மாதம்தான் ஆகியிருந்தது.

பெண்கள் வாழ்க்கை எப்படி மாறியது?

அதுவரை மீனவக் குடும்பத்துப் பெண்ணுக்கு வெளிவேலை என்றால் பெரும்பாலும் நகரத்து வசதியானவர் வீட்டில் தங்கி வேலை செய்வதுதான். சம்பளம் சொற்பம், நேரம் காலம் கிடையாது. தளங்கள் வந்ததும் சலவையகம், சமையற்கூடம், உணவுக்கூடம், கடை, அலுவலகத் தட்டச்சு என்று வேலைகள் திறந்தன, மணிக்கணக்கு வேலை, கையில் சம்பளம், மாலையில் தன் இஷ்டம். வீட்டு வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று செயின்ட் ஜான்ஸ் பெரிய வீடுகள் புலம்பின. புலம்பட்டும்.

திருமணங்களும் நடந்தன. மேலதிகாரி அனுமதி வேண்டும், இருபக்கமும் தயக்கம், கத்தோலிக்கரா புராட்டஸ்டன்டா என்ற கேள்வி, இதையெல்லாம் தாண்டி. தளங்கள் இருந்த மொத்தக் காலத்தையும் சேர்த்தால் ஆயிரக்கணக்கான பெண்கள் அமெரிக்கர்களை மணந்து டெக்சஸ், பென்சில்வேனியா என்று போனார்கள். ஒவ்வொரு பெண்ணுக்குப் பின்னாலும் தம்பி தங்கைகள் சிலர் போனார்கள். கைவிடப்பட்ட பெண்களும், தகப்பன் பேர் தெரியாமல் வளர்ந்த பிள்ளைகளும் உண்டு. தொற்றிய பால்வினை நோய்களுக்கும் பழி பெண்கள்மீதே விழுந்தது, சீருடைக்காரர்மீது விழவில்லை. காதல் கதைகளை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கத்தை மறைப்பது சரியில்லை.

செயின்ட் ஜான்ஸ் நகரம் இந்தக் கூட்டத்தைத் தாங்கியதா?

திணறியது. 40,000 பேர் அளவுக்கு இருந்த நகரம், பழைய மரவீடுகள், பல தெருக்களில் கழிவுநீர் இணைப்புகூட இல்லை. அதற்குள் அமெரிக்கர், கனடியர், பிரிட்டிஷ் மாலுமிகள், வேலை தேடி வந்த கிராமத்தார் எல்லாரும். வாடகை ஏறியது, அடுக்களையைத் தடுத்து அறையாக்கி விட்டார்கள், சினிமாக் கொட்டகை வாசலில் வரிசை, சனிக்கிழமை இரவு தெருச் சண்டை. இந்த நெருக்கடியால் ஒரு நல்லது நடந்தது: நீதிபதி பிரையன் டன்ஃபீல்ட் தலைமையில் வீட்டுவசதி விசாரணைக் குழு, அதைத் தொடர்ந்து நகருக்கு வடக்கே திட்டமிட்டுக் கட்டிய சர்ச்சில் பார்க் குடியிருப்பு. ஆனால் சேரியில் இருந்த ஏழைகளால் அந்த வீடுகளை வாங்க முடியவில்லை.

1942 டிசம்பர் 12 இரவை அந்த ஊர் மறக்காது. படைவீரர்களுக்காகக் கத்தோலிக்க அமைப்பு ஒன்று நடத்திய விடுதியில் நடன நிகழ்ச்சி, வானொலியில் நேரடி ஒலிபரப்பு. தீ என்று யாரோ கத்துவது வானொலி கேட்டுக்கொண்டிருந்தவர்கள் காதில் விழுந்தது, அப்புறம் ஒலிபரப்பு நின்றது. எதிரி விமானங்களுக்கு வெளிச்சம் தெரியக்கூடாதென்று ஜன்னல்களைப் பலகையால் அடைத்திருந்தார்கள், கதவுகளோ உட்பக்கமாகத் திறப்பவை. 99 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் படையினர். யாரோ வேண்டுமென்றே வைத்த தீ என்று விசாரணை முடிவு சொன்னது, யாரென்று கண்டுபிடிக்கவே இல்லை. அதே வருடம்தான் பெல் தீவில் இரும்புத்தாது ஏற்ற நின்ற நான்கு கப்பல்களை நீர்மூழ்கிகள் மூழ்கடித்தன. கனடாவிலிருந்து வந்துகொண்டிருந்த கரிபூ பயணிகள் கப்பலும் அக்டோபர் 14 அன்று தாக்கப்பட்டு, 130க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். தளம் என்றால் கூலி மட்டும் வருவதில்லை, எதிரியும் தேடி வருவான்.

உள்ளூர்க்காரர்களும் அமெரிக்கர்களும் எப்படிப் பழகினார்கள்?

பொதுவாக நன்றாகவே. பெப்பரல் கோட்டையிலிருந்து ஒலிபரப்பான அமெரிக்க வானொலியில் ஸ்விங் இசையும் நாட்டுப்புறப் பாட்டும் தீவு முழுக்கப் போய்ச் சேர்ந்தன, கூடைப்பந்து, சாஃப்ட்பால் எல்லாம் வந்தன. இதைப் பற்றி நிறையப் பேர் நிறையச் சொல்லிவிட்டார்கள். எனக்குச் சொல்ல விருப்பமானது வேறொன்று.

1942 பிப்ரவரி 18 அன்று, ஆர்ஜென்ஷியாவுக்கு வந்துகொண்டிருந்த டிரக்ஸ்டன், பொலக்ஸ் என்ற இரண்டு அமெரிக்கக் கப்பல்கள் பனிப்புயலில் தெற்குக் கரைப் பாறைகளில் மோதி உடைந்தன. 203 பேர் இறந்தார்கள். செயின்ட் லாரன்ஸ், லான் ஊர்களின் சுரங்கத் தொழிலாளரும் மீனவரும் பனி உறைந்த செங்குத்துப் பாறை விளிம்பில் கயிறு கட்டி இறங்கி, எண்ணெயில் ஊறி உறைந்துபோன 186 பேரை மேலே இழுத்தார்கள். பெண்கள் அவர்களைக் கழுவி, உடுத்தி, தங்கள் படுக்கையிலேயே படுக்க வைத்தார்கள். பிழைத்தவர்களில் லேனியர் பிலிப்ஸ் என்ற கறுப்பின மாலுமி ஒருவர். கறுப்பினத்தவரை அதுவரை பார்த்திராத பெண்கள், எண்ணெய்தான் தோலில் ஒட்டியிருக்கிறது என்று தேய்த்துப் பார்த்து, பிறகு மற்றவர்களைப் போலவே அவருக்கும் ஊட்டிவிட்டார்கள். ஜார்ஜியாவில் இனவெறிக்கு நடுவில் வளர்ந்தவருக்கு, வெள்ளைக்காரர்கள் தன்னை மனிதனாக நடத்தியது வாழ்க்கையையே மாற்றியது என்று பின்னாளில் அவரே பலமுறை சொன்னார். அமெரிக்கக் கடற்படையில் சோனார் தொழில்நுட்பப் பணியில் சேர்ந்த முதல் கறுப்பினத்தவர் ஆனார், கறுப்பினத்தவரின் ஓட்டுரிமைக்காக நடந்த செல்மா ஊர்வலத்தில் நடந்தார். அந்த ஊர்களுக்கு நன்றியாக அமெரிக்கா 1954-இல் செயின்ட் லாரன்ஸில் ஒரு மருத்துவமனை கட்டிக்கொடுத்தது.

தளம் வந்ததால் மொழி போனதாகச் சொல்வது உண்மையா?

மேற்குக் கரையில் உண்மை. ஸ்டீஃபன்வில் அதுவரை பிரெஞ்சு பேசும் அகாடியர்களின் சிறிய விவசாய, மீனவ ஊர். விமானத்தளம் வந்ததும் தீவின் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆங்கிலம் பேசுகிறவர்கள் வேலைக்கு வந்து குவிந்தார்கள், வேலியை ஒட்டி வடிகாலோ குடிநீரோ இல்லாமல் வீடுகள் முளைத்தன. மேற்பார்வையாளர் ஆங்கிலம், கடை ஆங்கிலம், வானொலி ஆங்கிலம், பள்ளியும் ஆங்கிலம். பிள்ளைக்கு வேலை கிடைக்கட்டும் என்று பெற்றோரே வீட்டில் பிரெஞ்சைக் குறைத்தார்கள். ஒரே தலைமுறையில் அந்த ஊரின் பேச்சு மாறிவிட்டது. யாரும் தடை போடவில்லை, அடிக்கவில்லை, சம்பளம் எந்த மொழியில் வருகிறது என்பதே போதுமாக இருந்தது. பக்கத்து போர்ட்-ஓ-போர்ட் தீபகற்பத்தில் மிச்சமிருந்த பிரெஞ்சை 1970களுக்குப் பிறகு முயன்று காப்பாற்றி வருகிறார்கள்.

கனடாவோடு சேர்ந்ததற்குத் தளங்கள்தான் காரணமா?

அப்படி நேர்க்கோடு போட முடியாது. 1948 ஜூலை 22 வாக்கெடுப்பில் கனடாவோடு சேரலாம் என்றவர்கள் 52.3 சதவீதம், தன்னாட்சி வேண்டும் என்றவர்கள் 47.7 சதவீதம். பெப்பரலும் ஆர்ஜென்ஷியாவும் இருந்த அவலான் தீபகற்பம் கனடாவுக்கு எதிராகவே வாக்களித்தது. அமெரிக்காவோடு பொருளாதார உறவு வேண்டும் என்று ஒரு கட்சியே கிளம்பியது, அதற்குக் காரணம் போர்க்காலப் பழக்கம்தான். மறுபக்கம், கனடாவும் அந்தத் தீவை விட்டுவிட்டால் அமெரிக்கா நிரந்தரமாக உட்கார்ந்துவிடும் என்று போர்க்காலத்தில்தான் கவலைப்படத் தொடங்கியது. இணைப்பை முன்நின்று நடத்திய ஜோயி ஸ்மால்வுட், போர் நடந்தபோது கேண்டர் விமானத்தளத்தில் பன்றிப் பண்ணை நடத்திக்கொண்டிருந்தவர்.

எனக்கு முக்கியமாகப் படுவது, இணைப்புக்காரர்களின் பிரசாரத்தில் எது எடுபட்டது என்பதுதான். பிள்ளைக்கு மாதாமாதம் குடும்பப்படி, முதியவர்களுக்கு ஓய்வூதியம், எல்லாம் ரொக்கம், அதுவும் வணிகர் கைபடாமல் நேரே தாயின் பெயருக்கு வரும் ரொக்கம். போர்க்காலத்தில் கூலியின் ருசியைப் பார்த்துவிட்டு, மறுபடி மீன் விலையையும் கடன் புத்தகத்தையும் நம்பி வாழச் சொன்னால் யார் கேட்பார்கள்? 1949 மார்ச் 31 அன்று நியூஃபவுண்ட்லாந்து கனடாவின் பத்தாவது மாகாணம் ஆனது.

99 வருடக் குத்தகை இன்னும் இருக்கிறதா? தளங்கள் என்ன ஆயின?

யாரும் 99 வருடம் இருக்கவில்லை. பெப்பரல் 1960களின் தொடக்கத்தில் கைமாறி, இப்போது அரசு அலுவலகங்களும் வீடுகளும் உள்ள பகுதி. ஸ்டீஃபன்வில் தளம் 1966-இல் மூடப்பட்டபோது அந்த நகரத்தின் வருமானமே ஒரேயடியாகப் போனது. மொழியைக் கொடுத்து வாங்கிய வேலை 25 வருடத்தில் முடிந்தது. ஆர்ஜென்ஷியா பனிப்போர் முழுக்க இயங்கி 1994-இல் மூடியது, மண்ணில் இருந்த எரிபொருளையும் நச்சு இரசாயனங்களையும் அகற்றவே நீண்ட காலம் ஆனது. இன்று அது கப்பல் முனையமும் தொழிற்பேட்டையும். கேண்டரின் நீண்ட ஓடுபாதைகள் 2001 செப்டம்பர் 11 அன்று, அமெரிக்க வான்வெளி மூடப்பட்டதால் திருப்பிவிடப்பட்ட 38 விமானங்களுக்கு இடம் கொடுத்தன, அவற்றில் வந்த 6,500க்கும் மேற்பட்டோரை அந்தச் சின்ன ஊரும் அக்கம்பக்கத்து ஊர்களும் வைத்துச் சோறு போட்டன.

லாப்ரடார் பக்கம் என்ன நடந்தது? அங்கே முழுநேர மீனவர்கூட அதிகம் இல்லையே?

அங்கே மாற்றம் இன்னும் வேகம். 1941 செப்டம்பரில் கனடியர்கள் கூஸ் பேயில் காட்டை வெட்டத் தொடங்கினார்கள், டிசம்பரிலேயே விமானங்கள் இறங்கின. குளிர்காலம் முழுக்க உள்காட்டில் கண்ணி வைத்துத் தோல் விற்றுப் பிழைத்த வேட்டைக்காரர்கள், கடலோரத்தின் இனுயிட் பழங்குடிக் குடும்பங்கள், கலப்பு வழியினர் எல்லாரும் வேலைக்கு வந்தார்கள். அவர்களும் ஹட்சன் பே கம்பெனிக் கடையில் கடன்பட்டே வாழ்ந்தவர்கள், அவர்களுக்கும் கூலி என்பது விடுதலைதான். ஆனால் தளத்தை ஒட்டிக் குடியிருக்க விடவில்லை. சில மைல் தள்ளி ஆற்றங்கரையில் அவர்களாகவே குடிசை போட்ட இடம்தான் ஹேப்பி வேலி, இன்று லாப்ரடாரின் பெரிய ஊர். கண்ணி வைக்கும் தடங்கள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன.

இனுயிட் அல்லாத வேறொரு பழங்குடியான இன்னு மக்களின் கதை தனி. அந்தக் காடு அவர்கள் கரிபூ மான் வேட்டையாடித் திரிந்த நிலம். தளவேலையில் அவர்களுக்குப் பெரிய பங்கும் கிடைக்கவில்லை, நிலத்துக்காக அவர்களோடு பேசவும் இல்லை. போர் முடிந்தும் தளம் போகவில்லை, 1980களில் நேட்டோ நாடுகளின் போர் விமானங்கள் மரங்களுக்குச் சற்று மேலே சீறிப் பயிற்சி எடுத்தன, வேட்டை முகாம்களில் குழந்தைகள் அலறினார்கள். 1988-இல் இன்னு மக்கள், பெண்கள் முன்னால் நிற்க, கூஸ் பே ஓடுபாதைக்குள் நடந்து போய் உட்கார்ந்தார்கள், திரும்பத் திரும்பக் கைதானார்கள். இந்த நிலத்தை எந்த ஒப்பந்தத்திலும் நாங்கள் யாருக்கும் எழுதிக்கொடுக்கவில்லை என்பதுதான் நீதிமன்றத்தில் அவர்கள் வைத்த வாதம்.